திரும்பி வந்த கரண்ட்
பெரிய அச்சு இயந்திரத்தை மின்னெழுச்சியிலிருந்து காப்பதும், பழுதானால் திருத்துவதும்

மீளக்குடியமர்ந்த கிராமம் ஒன்றில் எமக்குத் தெரிந்த ஒரு குடும்பம். தகப்பன் நெற்செய்கையாளர். போர்க்காலத்தில் பல இடங்களுக்கு இடம்பெயர்ந்து, கடைசியில் சொந்தக் காணிக்குத் திரும்பியவர். வயலை மட்டும் நம்பி மகன் வாழ முடியாது என்று கண்டு, மனைவியின் நகையை அடகு வைத்தார். மிகுதிக்கு லீசிங் எடுத்தார். பனர் அடிக்கும் பெரிய அச்சு இயந்திரம் ஒன்றை மகனுக்கு வாங்கிக் கொடுத்தார். கோயில் திருவிழா, பூப்புனித நீராட்டு விழா, கண்ணீர் அஞ்சலி, கடைப் பெயர்ப்பலகை என்று வேலை குறைவில்லாமல் வந்தது.

ஒரு ஐப்பசி மாத மாலை, இடி மழையோடு கரண்ட் நின்றது. மகன் இயந்திரத்தை அப்படியே விட்டுவிட்டுத் தேநீர் குடிக்கப் போனான். அரைமணி நேரத்தில் கரண்ட் வந்தது. 'படார்' என்று ஒரு சத்தம்; கருகிய மணம். பியூஸ் எரிந்திருந்தது. அதற்குப் பதிலாகத் தடித்த செப்புக் கம்பி ஒன்றைச் சுற்றி மறுபடியும் போட்டான். இம்முறை புகை வந்தது. திருத்துபவர் வந்து சேர 10 நாள் சென்றது. அதற்குள் மை கொட்டும் 'ஹெட்' உலர்ந்து இறுகிவிட்டது. இயந்திரம் மூலையில் கிடக்க, லீசிங் பணம் மட்டும் மாதாமாதம் போய்க்கொண்டிருந்தது.

இங்கே மூன்று இழப்புகள் நடந்தன. முதலாவதை மின்சாரம் செய்தது. கம்பி சுற்றியதால் வந்த இரண்டாவதையும், ஹெட்டைக் கவனியாது விட்டதால் வந்த மூன்றாவதையும் நாமே செய்தோம். முதலாவது இழப்பைப் பெரும்பாலும் தடுக்கலாம். மற்ற இரண்டையும் முற்றாகவே தவிர்க்கலாம். எப்படி என்று பார்ப்போம்.

மின்னெழுச்சி எங்கிருந்து வருகிறது?

எமது வீடுகளுக்கு வரும் மின்சாரத்தின் அளவு 230 வோல்ற். இது நூற்றுக்கு 6 வீதம் கூடிக் குறையலாம். அதாவது 216 இலிருந்து 244 வரை இருந்தால் அது ஒழுங்கான மின்சாரம். இதற்கு மேலே திடீரென எழுவதையே மின்னெழுச்சி என்கிறோம். அது மூன்று வழிகளில் வரும்.

முதலாவது, மின்னல். அது உங்கள் வீட்டில்தான் விழவேண்டும் என்பதில்லை. தூரத்தில் மின்கம்பியிலோ அதன் அருகிலோ விழுந்தாலும், கம்பி வழியாக ஆயிரக்கணக்கான வோல்ற் ஓடிவரும். அது நிற்கும் நேரம் ஒரு செக்கனின் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை. ஆனால் நுண்ணிய பாகங்களைச் சுட்டுவிட அது போதும். எமது நாட்டில் மார்ச், ஏப்ரல் மாதங்களிலும், ஒக்ரோபர், நவம்பர் மாதங்களிலும் பிற்பகல் வேளையில் இடிமுழக்கம் அதிகம்.

இரண்டாவது, நின்ற மின்சாரம் திரும்பும் நேரம். அந்தக் கணத்தில் ஊரிலுள்ள குளிர்சாதனப் பெட்டிகளும் மோட்டர்களும் ஒன்றாக இழுக்கத் தொடங்கும். மின்னழுத்தம் விழும், எழும். சிலவேளை கரண்ட் வந்து, போய், மறுபடியும் வரும். 2022 மார்ச் மாத முடிவில் நாளொன்றுக்கு 13 மணிநேரம் வரை மின்வெட்டு அறிவிக்கப்பட்டது நினைவிருக்கும். 2025 பெப்ரவரி 9ஆந் திகதி பாணந்துறை உபமின்நிலையத்தில் ஏற்பட்ட கோளாறினால் நாடு முழுவதும் இருளில் மூழ்கியது. கரண்ட் நிற்கும்போது நாம் கவலைப்படுகிறோம். அது திரும்பி வரும்போதுதான் கூடிய கவனம் தேவை.

மூன்றாவது, நியூற்றல் கம்பி அறுவது அல்லது அதன் மூட்டுத் தளர்வது. ஊர் டிரான்ஸ்போமரிலிருந்து மூன்று உயிர்க்கம்பிகளும், அவற்றுக்குப் பொதுவாக ஒரு நியூற்றல் கம்பியும் வருகின்றன. எந்த இரண்டு உயிர்க்கம்பிகளுக்கு இடையிலும் 400 வோல்ற் உண்டு. நியூற்றல் அறுந்தால், வேறு வேறு உயிர்க்கம்பியில் இணைந்த வீடுகள் இந்த 400 வோல்ற்றைத் தமக்குள் ஒழுங்கில்லாமல் பங்குபோடும். குறைவாகப் பாவிக்கும் பக்கத்துக்குக் கூடுதலான வோல்ற் போய்ச் சேரும். சில வீடுகளில் மின்குமிழ் கண்ணைக் கூசும்படி எரியும். வேறு வீடுகளில் மங்கி எரியும். மின்விசிறி வழமைக்கு மாறாக வேகமாகச் சுற்றும். மின்னல் கணப்பொழுதில் மறையும். இதுவோ நிமிடக்கணக்கில் நிற்கும். இந்த அடையாளங்களைக் கண்டால் ஒன்றையும் யோசியாமல் மெயின் சுவிச்சை நிறுத்துங்கள். அயல் வீடுகளுக்கும் சொல்லுங்கள். பின்பு மின்சாரக் காரியாலயத்துக்கு அறிவியுங்கள்.

இயந்திரத்தின் உள்ளே நடப்பது

அச்சு இயந்திரத்தின் வாசலில் இருப்பது பவர் போட். அது 230 வோல்ற்றை வாங்கி, 5, 24, 42 என்று அந்தந்த இயந்திரத்துக்கு வேண்டிய சிறிய அளவுகளாக மாற்றிக் கொடுக்கிறது. அதற்கு அடுத்தது மெயின் போட். அதன்பின் ஹெட்டைச் சுமந்து ஓடும் வண்டிலில் உள்ள போட். கடைசியில் ஹெட்.

பவர் போட்டுக்குள் வந்த 230 வோல்ற் முதலில் ஏறத்தாழ 325 வோல்ற் நேர்மின்னாக மாறி, ஒரு பெரிய கொள்ளளவியில் தேங்குகிறது. அந்தக் கொள்ளளவி பெரும்பாலும் 400 அல்லது 450 வோல்ற் தாங்கும்படி செய்யப்பட்டது. நியூற்றல் அறுந்து 400 வோல்ற் வந்தால் உள்ளே தேங்குவது 560 வோல்ற்றுக்கும் மேல். 'படார்' என்ற சத்தம் அந்தக் கொள்ளளவி வெடிப்பதாக இருக்கலாம். அல்லது அதன் முன்னால் காவலுக்கு இருக்கும் வரிஸ்ரர் வெடிப்பதாக இருக்கலாம்.

வரிஸ்ரர் என்றால் என்ன? எமது குளங்களை நினைத்துப் பாருங்கள். மழை கூடினால் குளக்கட்டு உடையாதபடி மேலதிக நீரை ஒருபக்கமாக வெளியேற்ற வான் வைத்திருக்கிறோம். நாணயக்குற்றி அளவில், நீலம் அல்லது மஞ்சள் நிறத்தில் இருக்கும் வரிஸ்ரர் அப்படியான ஒரு வான். அளவுக்கு மேல் வோல்ற் வந்தால் அது திறந்து, மேலதிக மின்னைப் பக்கவழியால் அனுப்பிவிடும். ஆனால் வான் பாய்ந்த நீர் போவதற்கு ஆறு வேண்டும். இல்லாவிட்டால் அது எமது வயலைத்தான் மூடும். மேலதிக மின்னுக்கு அந்த ஆறுதான் ஏர்த் கம்பி. ஒவ்வொரு எழுச்சியையும் வாங்கும்போது வரிஸ்ரரும் சிறிது தேய்கிறது. பல நிமிடம் 400 வோல்ற் வந்தால் அதுவும் கருகிப்போகும்.

காப்பு வழிகள்

1. பிளக்கைக் கழற்றும் பழக்கம். செலவில்லாததும் மிகச் சிறந்ததும் இதுவே. தூரத்தில் இடி கேட்கும்போதே வேலையை முடித்து, ஹெட்டை அதன் இருப்பிடத்துக்கு அனுப்பி, பிளக்கைக் கழற்றுங்கள். மின்னல் தலைக்கு மேலே வந்தபின் வயரைத் தொடுவது உங்கள் உயிருக்கே ஆபத்து. வேலை நடுவில் கரண்ட் நின்றால் உடனே பிளக்கைக் கழற்றுங்கள். மின்சாரம் திரும்பி 10 நிமிடமாவது ஆடாமல் நின்றபின் போடுங்கள்.

2. ஏர்த். எமது வீடுகளில் நிலத்தில் அடித்த ஏர்த் கூர்தான் எல்லாக் காப்புக்கும் அடித்தளம். ஆடி, ஆவணி வெயிலில் நிலம் காய்ந்து வெடிக்கும்போது அதன் வேலை குறைகிறது. கூர் நிற்கும் இடத்தை ஈரமாக வைத்திருங்கள். கம்பி கூரோடு இணையும் இடத்தில் களிம்பு பிடித்திருக்கிறதா என்று பாருங்கள். வருடத்துக்கு ஒருமுறை தகுதியுள்ள மின் வேலையாளரைக் கொண்டு அளந்து பாருங்கள். பிளாஸ்ரிக் தண்ணீர்க் குழாயில் கட்டிய ஏர்த் ஏர்த்தே அல்ல.

3. எழுச்சிக் காப்பான். மெயின் பலகையில் பூட்டும் இக்கருவிக்குள்ளும் வரிஸ்ரரே உண்டு, ஆனால் பெரியது. அதைப் பூட்டும் கம்பிகள் எவ்வளவு குட்டையோ அவ்வளவு நல்லது. மொத்தமாக அரை மீற்றருக்குள் இருக்கவேண்டும். பெரும்பாலானவற்றில் சிறிய கண்ணாடி ஒன்று உண்டு. அது பச்சையிலிருந்து சிவப்பாக மாறினால் தேய்ந்துவிட்டது என்று அர்த்தம், மாற்றவேண்டும். ஏர்த் சரியில்லாத வீட்டில் இதைப் பூட்டிப் பயனில்லை.

4. கூடிய, குறைந்த வோல்ற்றில் வெட்டும் கருவி. நியூற்றல் அறும்போது காப்பது இதுதான். மின்னழுத்தம் வைத்த எல்லைக்கு வெளியே போனால் தானாக வெட்டிவிடும். ஒழுங்கானபின் சில நிமிடம் பொறுத்து மறுபடி இணைக்கும். நீர் இறைக்கும் மோட்டரையும் குளிர்சாதனப் பெட்டியையும்கூட இது காக்கும்.

5. றிப் சுவிச்சைப் பற்றிய தவறான எண்ணம். "வீட்டில் றிப் சுவிச் இருக்கிறதே, பயமில்லை" என்று பலர் சொல்வதுண்டு. அது மின் ஒழுகி மனிதரைத் தாக்காதபடி காப்பது. அது கட்டாயம் வேண்டும். ஆனால் மின்னெழுச்சியிலிருந்து இயந்திரத்தை அது காக்காது.

6. ஸ்ரபிலைசரும் யு.பி.எஸ்.ஸும். ஸ்ரபிலைசர் மெதுவாக ஏறி இறங்கும் மின்னழுத்தத்தைச் சரிசெய்யும். மின்னலின் வேகத்துக்கு அது ஓடமாட்டாது. யு.பி.எஸ். கரண்ட் நின்றாலும் சில நிமிடம் தாக்குப் பிடிக்கும். ஹெட்டை இருப்பிடத்துக்கு அனுப்ப அது போதும். அதிலும் 'ஒன்லைன்' வகை சிறந்தது. வாங்குமுன் இயந்திரத்தின் தகட்டில் எழுதியிருக்கும் மின் அளவைப் பாருங்கள். பனரை உலர்த்தும் சூடாக்கி மிகக் கூடுதலான மின்னை இழுக்கும். சில இயந்திரங்களில் சூடாக்கிக்குத் தனி வயர் உண்டு. அப்படியானால் அதை யு.பி.எஸ்.ஸில் மாட்டாதீர்கள்.

7. பின்கதவு. மின்வயர் ஒன்றுதான் வழி என்று நினைக்கவேண்டாம். கணினியிலிருந்து இயந்திரத்துக்கு வரும் கேபிள் வழியாகவும் எழுச்சி நுழையும். கணினி ஓர் அறையிலும் இயந்திரம் வேறு வீட்டு மின்னிலும் இருந்தால் இந்த ஆபத்துக் கூடும். இரண்டையும் ஒரே காப்பானில் மாட்டுங்கள். பிளக்கைக் கழற்றும்போது அந்தக் கேபிளையும் கழற்றுங்கள்.

8. ஜெனரேற்றர். அதை இயக்கி ஓட்டம் சீரானபின் இயந்திரத்தை இணையுங்கள். எண்ணெய் முடிந்து அது தானாக நிற்கும்வரை வேலை செய்யாதீர்கள். அணையும் தறுவாயில் மின்னழுத்தம் தாறுமாறாக ஆடும்.

எழுச்சி வந்துவிட்டால்: முதல் மணித்தியாலம்

முதலில் பிளக்கைக் கழற்றுங்கள். கருகிய மணமோ புகையோ இருந்தால் "ஒருக்கால் போட்டுப் பார்ப்போம்" என்ற ஆசையை அடக்குங்கள். சிறிய பழுது பெரிய பழுதாவது அந்த ஒருக்காலில்தான்.

அடுத்து ஹெட்டைப் பாருங்கள். அது நடுவழியில் திறந்தபடி நின்றால் மை உலரத் தொடங்கிவிடும். பல இயந்திரங்களில் பிளக் கழற்றிய நிலையில் வண்டிலைக் கையால் மெதுவாக நகர்த்தி இருப்பிடத்துக்குக் கொண்டுவரலாம். இறுகி நின்றால் பலவந்தம் பண்ணவேண்டாம். மூடி தானாக எழுந்து மூடாவிட்டால், நூல் பறக்காத சுத்தமான துணியை அந்த மைக்குரிய கழுவும் திரவத்தில் நனைத்து ஹெட்டின் கீழே படும்படி வையுங்கள். காயவிடாமல் மீண்டும் நனையுங்கள். எண்ணெய்த் தன்மையுள்ள மைக்குத் தண்ணீர் ஆகாது. தண்ணீர் மைக்கு மற்றத் திரவம் ஆகாது. திருத்துபவர் எத்தனை நாள் கழித்து வந்தாலும் ஹெட்டை உயிரோடு வைத்திருப்பது உங்கள் கையில்தான் இருக்கிறது.

மூன்றாவதாக, நடந்ததை ஒரு கொப்பியில் எழுதுங்கள். எத்தனை மணிக்கு நடந்தது? மின்குமிழ் கூடி எரிந்ததா, மங்கியதா? அயல் வீடுகளில் என்ன பழுது? இயந்திரத்தின் திரையில் என்ன எழுத்து, என்ன இலக்கம் வந்தது? திருத்துபவருக்கு இது பாதி வேலை. மின் வழங்குநரிடம் முறையிடும்போதும், காப்புறுதி இருந்தால் அங்கும், இது சான்றாகும்.

திருத்தும் ஒழுங்கு

வீட்டார் பார்க்கக்கூடியவை மூன்றுதான். சுவர்ப் பிளக்கில் மின் ஒழுங்காக வருகிறதா. பிளக்குக்குள் இருக்கும் பியூஸ் நல்லதா. இயந்திரத்தில் வயர் செருகும் இடத்தில் உள்ள பியூஸ் நல்லதா. கண்ணாடிப் பியூஸின் உள்ளே கம்பி மட்டும் அறுந்து கண்ணாடி தெளிவாக இருந்தால் பழுது சிறிதாக இருக்கலாம். கண்ணாடி கறுத்திருந்தால் உள்ளே பெரிய குறுக்குச் சுற்று ஏற்பட்டிருக்கிறது. அப்படியானால் பியூஸ் மாற்றிப் பார்க்கவேண்டாம். மாற்றும்போது அதே அம்பியர் அளவுள்ளதையே போடுங்கள். அதுவும் எரிந்தால் அத்தோடு நிறுத்துங்கள். கம்பி சுற்றவே கூடாது.

பவர் போட்டின் மூடியை நீங்கள் திறக்காதீர்கள். பிளக்கைக் கழற்றியபின்னும் அந்தப் பெரிய கொள்ளளவியில் ஆளைக் கொல்லக்கூடிய மின் தங்கியிருக்கும். அது பயிற்சி பெற்றவரின் வேலை. ஆனால் அவர் எந்த ஒழுங்கில் செய்யவேண்டும் என்று தெரிந்திருப்பது உங்களுக்கு நல்லது.

முதலில் பவர் போட்டை மற்ற எல்லாவற்றிலிருந்தும் பிரித்து, தனியாக மின் கொடுத்துச் சோதிக்கவேண்டும். அதன் ஒவ்வொரு வெளிவாயிலிலும் தகட்டில் எழுதியிருக்கும் வோல்ற் வருகிறதா என்று அளக்கவேண்டும். பழுதான பவர் போட்டைப் பிரிக்காமல் மின் கொடுத்தால் நல்ல மெயின் போட்டையும் அது கொன்றுவிடும். பல வேளைகளில் பியூஸ், வரிஸ்ரர், கொள்ளளவி போன்ற சிறு பாகங்களோடு பழுது முடிந்துவிடும். அல்லது பவர் போட்டை மட்டும் மாற்றினால் போதும்.

அது சரியானபின் மெயின் போட். அதற்குப் பின் வண்டில் போட். இந்த வேளையில் ஹெட்டுக்குப் போகும் தட்டைக் கேபிள் கழற்றப்பட்டிருக்கவேண்டும். ஹெட்டை இயக்கும் ரான்சிஸ்ரர் சுட்டுப்போயிருந்தால், புதிய ஹெட்டைப் பூட்டிய கணமே அதுவும் சாகும். அதேபோல் பழுதான ஹெட் புதிய போட்டைச் சுடும். ஆகவே இரண்டையும் அளந்த பின்பே இணைக்கவேண்டும். அந்தக் கேபிளை மின் ஓடும்போது செருகவோ கழற்றவோ கூடவே கூடாது.

இன்னொன்றையும் நினைவில் வையுங்கள். எல்லாப் பழுதும் மின்னெழுச்சியால் வருவதல்ல. தட்டைக் கேபிளின் நுனியில் மை ஒழுகி நனைந்திருந்தாலும் போட் சுடும். காரணத்தைத் தேடாமல் போட்டை மட்டும் மாற்றினால் புதிய போட்டும் அதே வழியில் போகும்.

திருத்துபவரிடம் கேட்கவேண்டியவை

நகரத்திலிருந்து வருபவர் சொல்வதையெல்லாம் கேட்டுத் தலையாட்டும் வழக்கம் எம்மிடம் உண்டு. நாம் படியாதவர்கள் என்ற கூச்சமே காரணம். நெல் வாங்க வரும் வியாபாரியிடம் தராசைச் சரிபார்க்கக் கேட்பதுபோல இங்கும் கேட்கலாம். அதில் மரியாதைக் குறைவு ஒன்றுமில்லை.

பவர் போட்டைப் பிரித்து அளந்தீர்களா? எத்தனை வோல்ற் வந்தது? எந்தப் பாகம் பழுது என்று எழுதித் தருவீர்களா? கழற்றிய பழைய பாகத்தை எங்களிடம் தருவீர்களா? போட்ட பாகத்துக்கு எத்தனை மாத உத்தரவாதம்? நேர்மையாக வேலை செய்பவர் இவற்றுக்கு முகம் சுளிக்கமாட்டார்.

இயந்திரம் நன்றாக ஓடும் நாளிலேயே அதன் அமைப்பு எண்களையும், ஹெட்டைச் சீர்ப்படுத்திய அளவுகளையும் குறித்து, கணினிக் கோப்புகளையும் பிரதி எடுத்து வையுங்கள். போட் மாற்றினால் அவை இல்லாமல் மறுபடி ஒழுங்கான அச்சுப் பெறுவது கடினம்.

ஒருவரால் முடியாதது

எழுச்சிக் காப்பானும் வெட்டும் கருவியும் வாங்கப் பணம் வேண்டும். ஆயினும் அவற்றின் செலவு ஒரு ஹெட்டின் விலையோடு ஒப்பிட்டால் சிறியதே. இயந்திரத்துக்குக் கடன் எடுக்கும்போதே இவற்றையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். ஊரில் நான்கைந்து பேர் சேர்ந்தால் ஒரு மின் அளவு மீற்றரையும் சில பியூஸ்களையும் பொதுவில் வைத்திருக்கலாம். மின் வேலையாளரை ஒரே நாளில் அழைத்து எல்லா வீட்டு ஏர்த்தையும் அளப்பித்தால் செலவும் குறையும். கம்பியில் உரசும் பனையோலை, தளர்ந்த மூட்டு, சரிந்த கம்பம் ஆகியவற்றைத் தனியொருவர் சொன்னால் கவனிப்பார் இல்லை. சங்கமாக எழுத்தில் கொடுத்துப் பிரதியை வைத்திருந்தால் பதில் கேட்க முடியும்.

தொடக்கத்தில் சொன்ன குடும்பத்தின் இயந்திரம் இன்று மீண்டும் ஓடுகிறது. பவர் போட்டும் மெயின் போட்டும் ஹெட்டும் மாற்றவேண்டியதாயிற்று. அதற்கு ஒரு போக நெல்லின் வருமானம் போனது. இப்போது தூரத்தில் இடி கேட்டால் முதலில் எழுந்து போய்ப் பிளக்கைக் கழற்றுபவர் அந்தத் தகப்பன்தான்.

கூடிப் பேசுவதற்கு

1. உங்கள் வீட்டு ஏர்த் கூர் எங்கே நிற்கிறது? கடைசியாக அதை யார், எப்போது பார்த்தார்கள்?

2. உங்கள் ஊரில் மின்குமிழ்கள் கூடி எரிந்த அல்லது மங்கிய நாட்கள் உண்டா? அன்று எவருடைய வீட்டில் என்ன பழுதானது? ஒரு பட்டியல் எழுதுங்கள்.

3. கடனில் வாங்கிய இயந்திரங்கள், மோட்டர்கள் உங்கள் ஊரில் எத்தனை? அவற்றைக் காக்க இந்த மாரிக்கு முன் நீங்கள் சேர்ந்து செய்யக்கூடிய ஒரு காரியம் எது?